பாதியை முதலில் நீங்களே திரட்டுங்கள் என்கிறார்கள்: ஆய்வுக்கூடக் கட்டிடத்துக்கு அறக்கட்டளைப் பணம்

2024 மார்ச் 4, காலை 7.15 | கேட்டவர், சாட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

எங்கள் டிரஸ்டுக்கு நிலம் இருக்கிறது. அதில் அறிவியல் கூடம் கட்ட ஆசை. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று லேப், மாடியில் தண்ணீர், மண் பரிசோதனைக்கு ஒரு லேப். கட்டுமானக்காரர் ஒருவர் 20 மில்லியன் ராண்ட் ஆகும் என்றார். அமெரிக்க அறக்கட்டளை ஒன்றுக்கு எழுதிப் போட்டோம். இரண்டே வரியில் பதில் வந்தது: பாதிக்கு மேல் திரட்டிய பிறகு வாருங்கள், கட்டிய பின் ஆண்டுச் செலவை யார் ஏற்பது என்று எழுதுங்கள்.

பாதிப் பணம் கையில் இருப்பவனுக்கு இவர்கள் எதற்கு? இல்லாதவனிடம் முதலில் நீ கொண்டு வா என்பது என்ன நியாயம்? கமிட்டியில் பாதிப் பேர் இதோடு விட்டுவிடலாம் என்கிறார்கள்.

மார்ச் 4, இரவு 8.50 | மானியக் கோப்பு பார்ப்பவர், டர்பன்

விடாதீர்கள். அந்த இரண்டு வரி மறுப்பு இல்லை. மறுப்பதாக இருந்தால் "எங்கள் முன்னுரிமைக்குள் வரவில்லை" என்று எழுதியிருப்பார்கள்.

கட்டிடத்துக்குப் பணம் தருவதில் இந்த முறை பழையது. இதை ஊரறியச் செய்தது டெட்ராய்ட்டின் கிரெஸ்கி அறக்கட்டளை. மலிவு விலைக் கடைகளால் பணம் சேர்த்த செபாஸ்டியன் கிரெஸ்கி 1924இல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் அவர்களுடைய பெரிய வேலையே கல்லூரி, மருத்துவமனை, நூலகக் கட்டிடங்களுக்குச் சவால் மானியம் தருவதுதான். சவால் மானியம் என்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 38 மில்லியன் வேண்டும், கையில் 20 சேர்ந்துவிட்டது. அறக்கட்டளை 6 தருவதாக எழுத்தில் கொடுக்கும். மிச்சம் 12ஐ நீங்கள் 18 மாதத்துக்குள் திரட்ட வேண்டும். பதினொன்றரை வந்தாலும் அந்த 6 கிடையாது. கெடு தேதிக்குள் முழுசாக வந்தால்தான் காசோலை.

இதைக் கடுமை என்று பார்க்காமல், உங்கள் கையில் தரும் கடப்பாரை என்று பாருங்கள். கெடுவைக் காட்டித்தான் தயங்கி நிற்கும் உள்ளூர்க் கொடையாளியை அசைக்க முடியும். "இன்னும் 9 லட்சம் குறைகிறது, வராவிட்டால் 60 லட்சம் போய்விடும்" என்று ஒருவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இது நம்மவர்களுக்குப் புதிதும் இல்லை. இங்கே நேட்டால் மாகாணத்தில் அரசு உதவி பெற்ற இந்தியப் பள்ளிகள் எப்படி எழுந்தன? செங்கல், ஓடு, நிலம் எல்லாம் ஊர்ப் பணம். ஆசிரியர் சம்பளம் மாகாணத்தின் பொறுப்பு. பின்னாளில் கட்டிடத்துக்கும், ஊர் போட்ட ஒவ்வொரு பவுன் பணத்துக்கும் அரசு ஒரு பவுன் சேர்த்துப் போட்டது. 1929இல் திறந்த சாஸ்திரி கல்லூரிக் கட்டிடம் மக்கள் திரட்டிய பணத்தில் எழுந்தது. கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த எம். எல். சுல்தான் தந்த பணத்தில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு பங்கு. கட்டிடம் ஒருவர், நடத்துவது இன்னொருவர் என்ற பிரிவினை நம் தாத்தாக்களுக்குப் பழக்கம். உங்களிடம் கேட்கும் இரண்டாவது வரி அதுதான். எனக்கு அந்த இரண்டாவது வரிதான் முக்கியமாகப் படுகிறது. நாளை எழுதுகிறேன்.

மார்ச் 5, காலை 6.30 | மானியக் கோப்பு பார்ப்பவர்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கிரெஸ்கிக்கு விண்ணப்பம் போடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சவால் மானியத்தை அவர்கள் 2000களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாகக் கைவிட்டுவிட்டார்கள். பிரிட்டனின் வுல்ஃப்சன் அறக்கட்டளை (1955) இன்றும் கட்டிடம், கருவி என்றே தருகிறது, அது பிரிட்டனுக்குள். பெரும்பாலான அறக்கட்டளைகள் இப்போது செங்கல் என்றாலே ஒதுங்குகின்றன.

அதனால் எழுதும் முன்பு பாருங்கள். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளை ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் 990-பிஎஃப் என்ற வரிப் படிவம் கொடுக்க வேண்டும். அது யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். தந்த மானியம் ஒவ்வொன்றும் பெறுபவர் பெயர், தொகை, நோக்கத்தோடு அதில் இருக்கும். கடைசி மூன்று ஆண்டுப் படிவத்தை இறக்கி மூன்று விஷயம் தேடுங்கள்: நாட்டுக்கு வெளியே ஒரு டாலராவது போயிருக்கிறதா, கட்டிடம் அல்லது கருவி என்ற சொல் வருகிறதா, வழக்கமான தொகை எவ்வளவு. 50,000 டாலர் தருகிறவர்களிடம் ஒரு மில்லியன் கேட்டால் படிக்கக்கூட மாட்டார்கள்.

மார்ச் 5, மாலை 5.40 | கேட்டவர்

படிவத்தைப் பார்த்தேன். ஆப்பிரிக்காவுக்கு மூன்று தடவை தந்திருக்கிறார்கள், அதில் ஒன்று கருவிக்கு. சரி, ஆண்டுச் செலவு என்ன பெரிய விஷயம்? கட்டிடம் நின்றால் பணம் தானே வரும், ஊர் பார்த்துக்கொள்ளாதா?

மார்ச் 5, இரவு 10.20 | மானியக் கோப்பு பார்ப்பவர்

ஊர் பார்த்துக்கொள்ளாது, தம்பி. கட்டும்போது எல்லோரும் கொடுப்பார்கள். ஏழாவது வருஷம் ஏசி கம்ப்ரசர் போனால் யாரும் கொடுக்க மாட்டார்கள். யானையை வாங்கிக் கொடுக்க ஆள் உண்டு, தீனிக்குத்தான் ஆள் தேட வேண்டும்.

இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தவர் ஆண்ட்ரூ கார்னகி. அவர் பணத்தில் உலகெங்கும் 2,509 நூலகங்கள் எழுந்தன. நம் பக்கத்து மொரீசியசின் கியூர்பிப்பில் ஒன்று இன்றும் இருக்கிறது. அமெரிக்க ஊர்களுக்கு அவர் வைத்த நிபந்தனை எளியது: நிலம் உங்களுடையது, நான் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நடத்தும் செலவுக்கு ஒதுக்குவதாக ஊர் நிர்வாகம் எழுதித் தர வேண்டும். 10,000 டாலர் கட்டிடம் என்றால் வருஷம் 1,000. எழுதித் தராத ஊருக்குக் கட்டிடம் இல்லை.

அறிவியலில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஹவாயின் கெக் தொலைநோக்கி. எண்ணெய்ப் பணத்தில் 1954இல் எழுந்த கெக் அறக்கட்டளை 1985இல் 70 மில்லியன் டாலர் தந்தது. 36 அறுகோணக் கண்ணாடிகள் சேர்ந்த 10 மீட்டர் ஆடி. அந்தப் பணம் கால்டெக் (கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகம்) வழியாகக் கட்டுமானத்துக்கு வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்ன போட்டது? 25 ஆண்டுக்கு நடத்தும் செலவு. கட்டுவது ஒருவர், கால் நூற்றாண்டு நடத்துவது இன்னொருவர் என்று முதலிலேயே ஒப்பந்தமாக எழுதிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு என்று கமிட்டியில் யாராவது சொன்னால் சோழர் கல்வெட்டைக் காட்டுங்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய வேண்டுமென்றால் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 96 ஆடு கொடுத்தார்கள். அவை மன்றாடிகள் (இடையர்கள்) கையில் ஒப்படைக்கப்படும். நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அவர்கள் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்குக் குட்டி ஈடு, கிழட்டு ஆட்டுக்கு இளசு ஈடு. மந்தை எப்போதும் 96தான். அதனால் அவற்றுக்குப் பெயரே "சாவா மூவாப் பேராடு". முதல் குறையாமல் வருமானத்தை மட்டும் செலவிடும் நிதி வைப்பு அதுவேதான். உங்கள் விண்ணப்பத்தில் விளக்கு இருக்கிறது. ஆடு எங்கே என்று கேட்கிறார்கள்.

மார்ச் 6, இரவு 9.05 | மானியக் கோப்பு பார்ப்பவர்

கேட்டவர் சொன்ன 20 மில்லியன் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டுமானக்காரர் சொன்னது வெறும் கட்டிட வேலை. அதை முழுத் திட்டச் செலவு என்று எழுதிவிட்டால் நீங்களே உங்களைக் குழியில் தள்ளிக்கொள்கிறீர்கள். கணக்கு இப்படிப் போகும் (விகிதங்கள் நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் குவான்டிட்டி சர்வேயர், அதாவது கட்டிடச் செலவு கணக்கிடுபவர், மாற்றுவார்; தொகை எல்லாம் மில்லியன் ராண்டில்):

கட்டிட வேலை 20.0. எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம், ஆக 22.0. டெண்டர் விடும்வரை 18 மாதம் விலையேற்றம், ஆண்டுக்கு 6 என்றால் சுமார் 9 சதவீதம், ஆக 23.98. ஆர்க்கிடெக்ட், எஞ்சினியர்கள், சர்வேயர் கட்டணம் 14 சதவீதம், 3.36. கருவி, லேப் மேசை, புகைப்போக்கிப் பெட்டி (வேதிப் புகையை வெளியேற்றுவது) எல்லாம் 6.0. கூட்டினால் 33.34. அதன்மேல் வாட் வரி 15 சதவீதம், 5.0. மொத்தம் 38.34 மில்லியன்.

20 என்று கேட்டு 20 கிடைத்தால் கூரை போடாத கட்டிடம் நிற்கும். அடுத்து, ஆண்டுச் செலவு. ஆய்வுக்கூடக் கருவிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் வாங்கிய விலையில் 10 சதவீதம் என்று போடுவது வழக்கம்: 600,000. கட்டிடப் பராமரிப்புக்கு மறுகட்டுமான மதிப்பில் 2 முதல் 4 சதவீதம். குறைந்தபட்சமாக 2 எடுத்தால், சுமார் 24 மில்லியனுக்கு 480,000. மின்சாரம், சம்பளம், காப்புறுதி, காவல் எதுவும் சேர்க்காமலே 1.08 மில்லியன் ஆகிவிட்டது. இதை நிதி வைப்பிலிருந்து எடுப்பதென்றால், ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்தால் அசலாக 27 மில்லியன் வேண்டும். கட்டிட விலையைவிட ஆட்டு மந்தை பெரிதாகிவிட்டது.

மார்ச் 7, மதியம் 1.10 | தணிக்கைக்காரர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வாட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கேதான் பல டிரஸ்டுகள் அடிபடுகின்றன. "பிறகு திரும்பக் கிடைக்கும்" என்று நினைத்து அந்த 5 மில்லியனைப் பட்ஜெட்டில் விட்டுவிடுவார்கள். கல்விச் சேவை வாட் விலக்குப் பெற்றது. விலக்குப் பெற்ற சேவைக்காகக் கட்டிய கட்டிடத்துக்குச் செலுத்திய வாட்டைத் திரும்பக் கேட்க முடியாது. அது செலவுதான். மாடியில் தண்ணீர் சோதனைக்குக் கட்டணம் வாங்கினால் அது வரிக்குரிய சேவை. டிரஸ்ட் வாட் பதிவு செய்திருந்தால் அந்தப் பங்குக்கு மட்டும் விகிதம் போட்டுக் கேட்கலாம். பன்னிரண்டு மாத விற்பனை சட்டம் வைத்த வரம்பைத் தாண்டினால் பதிவு கட்டாயம்.

வெளிநாட்டு உதவித் திட்டத்துக்கு வாட் சலுகை உண்டே என்று சிலர் கேட்பார்கள். அது தென்னாப்பிரிக்க அரசு ஒரு தரப்பாகக் கையெழுத்திட்ட சர்வதேச ஒப்பந்தத்துக்கு. தனியார் அறக்கட்டளை மானியத்துக்கு இல்லை.

இன்னொன்று, 18ஏ ரசீது. இது உள்ளூர்க் கொடையாளிக்கு. வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம்வரை கழிவு, மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்குப் போகும். அமெரிக்க அறக்கட்டளைக்கு இந்தக் காகிதத்தால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்கு இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, உங்கள் டிரஸ்ட் அமெரிக்கப் பொதுத் தொண்டு நிறுவனத்துக்கு நிகரானது என்று தகுதியுள்ள வரி வல்லுநர் தரும் எழுத்துக் கருத்து. இதற்கு டிரஸ்ட் பத்திரம், ஐந்து ஆண்டு வரவு செலவு, பணம் யாரிடமிருந்து வந்தது என்ற பட்டியல் எல்லாம் கேட்பார்கள். மற்றது, செலவுக்குத் தாங்களே பொறுப்பேற்கும் வழி: முன் விசாரணை, எழுத்து ஒப்பந்தம், மானியத்துக்குத் தனிக் கணக்கு, ஆண்டறிக்கை. 1969 அமெரிக்க வரிச் சட்டத் திருத்தத்திலிருந்து வந்த விதி இது.

பத்திரத்தைக் கையோடு எடுத்துப் பாருங்கள். பொது நலன் அமைப்பாகச் சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) அனுமதி பெற, ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேராவது பொறுப்பில் இருக்க வேண்டும். டிரஸ்டைக் கலைத்தால் சொத்து இதே மாதிரி அமைப்புக்கே போகும் என்ற வரியும் இருக்க வேண்டும். நம் பழைய டிரஸ்டுகளில் அண்ணன், தம்பி, மைத்துனர் மட்டுமே அறங்காவலராக இருப்பது சகஜம். விண்ணப்பம் போடும் முன்பே சரிசெய்யுங்கள். டிரஸ்டுகளைப் பதியும் மாஸ்டர் அலுவலகத்தில் பெயர் மாற்ற மாதக்கணக்கில் ஆகும்.

மார்ச் 7, இரவு 9.30 | மானியக் கோப்பு பார்ப்பவர்

தணிக்கைக்கார அண்ணனுக்கு நன்றி. என் கணக்கில் ஒரு குறை இருப்பது இதைப் படித்ததும் தெரிந்தது. வெளிநாட்டுக் கருவிக்கு 6.0 என்று ராண்டில் போட்டேன். நுண்ணோக்கி, நிறமாலைமானி எல்லாம் டாலரில் அல்லது யூரோவில் விலை. 2011 நடுவில் ஒரு டாலர் 7 ராண்டுக்குக் கீழே இருந்தது, 2016 சனவரியில் 16ஐத் தாண்டியது. மானியம் டாலரில் வந்தால் கருவியை அந்தப் பணத்தோடு கட்டிவிடுங்கள். சிமெண்டுக்கு ராண்ட் கொடைகளை வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் எந்த நாள் மாற்று விகிதம் எடுத்தீர்கள், விகிதம் மாறினால் எந்த வரியைக் குறைப்பீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். கோப்பு படிப்பவர் அந்த வாக்கியத்தைத் தேடுவார்.

மார்ச் 8, காலை 11.45 | ஏசி எஞ்சினியர், ஃபீனிக்ஸ் (டர்பன்)

யாரும் இயந்திரம் பற்றிப் பேசவில்லை. லேப் கட்டிடத்தின் பணம் போவது சுவரில் இல்லை, காற்றில்.

புகைப்போக்கிப் பெட்டி ஒன்று குளிரூட்டிய காற்றை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளிய காற்றுக்கு ஈடாக டர்பன் பிப்ரவரி ஈரக்காற்றை உள்ளே இழுத்து, ஈரத்தைப் பிழிந்து, குளிர வைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் லேபுக்கு ஆறு பெட்டி போட்டிருந்தால் மூன்றாகக் குறையுங்கள். கதவை இறக்கினால் காற்றோட்டம் தானே குறையும் வகை வாங்குங்கள். விலை கூட, மின்கட்டணம் குறைவு.

மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி வேண்டும் என்று யாராவது பட்டியலில் எழுதியிருப்பார்கள். ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 20 யூனிட் மின்சாரம் ஆகும். பத்து பெட்டி, சராசரி 15 என்றால் 150 யூனிட். அது முழுவதும் வெப்பமாக அறைக்குள்ளே விழும்: இடைவிடாமல் 6 கிலோவாட்டுக்கு மேல். அந்த வெப்பத்தை வெளியேற்ற இன்னொரு ஏசி. மண், தண்ணீர் சோதனைக்கு மைனஸ் 80 தேவையே இல்லை. சாதாரண மைனஸ் 20 போதும்.

மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் மட்டும் போதாது. அது பிடித்து ஓடச் சில நொடிகள் ஆகும், அதற்குள் கருவி அணைந்து மறுபடி எழும். அந்த இடைவெளியை யூபிஎஸ் தாங்க வேண்டும். எந்தெந்த சுவிட்சுகள் ஜெனரேட்டர் லைனில் என்று வரைபடக் கட்டத்திலேயே குறியுங்கள். கட்டி முடித்த பிறகு சுவரை உடைத்துப் பிரிப்பது மூன்று மடங்கு செலவு.

கடல் உப்பு. கூரைமேல் வைக்கும் கண்டென்சரின் (ஏசியின் வெளிப்பெட்டி) அலுமினியத் தகடுகள் சாதாரண வகையாக இருந்தால் சில வருஷத்திலேயே வெள்ளைப் பொடியாக உதிரும். விரலால் தொட்டால் பிஸ்கட் போல் நொறுங்கும். எபாக்சி பூச்சுப் போட்ட காயில் என்று டெண்டரில் எழுதாவிட்டால் வராது, ஏனென்றால் விலை குறைத்துக் கேட்பவர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

கதவு. ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) ஒரு மீட்டர் அகலம், கதவு 900 மில்லிமீட்டர். கருவிப் பட்டியல் முடியாமல் கதவு அளவை முடிவு செய்யாதீர்கள்.

மார்ச் 8, இரவு 7.20 | கேட்டவர்

இங்கேயே நெல்சன் மண்டேலா மருத்துவப் பள்ளி வளாகத்தில் கே-ரித் என்ற காசநோய், எச்ஐவி ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டிடம் எழுந்ததே, அமெரிக்காவின் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனப் பணத்தில். அவர்கள் யாரிடமும் பாதி கேட்கவில்லையே?

மார்ச் 9, காலை 8.00 | மானியக் கோப்பு பார்ப்பவர்

நல்ல கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் அமெரிக்க வரிச் சட்டப்படி தனியார் அறக்கட்டளையே இல்லை. மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு என்ற தனி வகை. தனியார் அறக்கட்டளை ஆண்டுதோறும் சொத்தில் சுமார் 5 சதவீதம் தர்மத்துக்குச் செலவிட வேண்டும். ஆராய்ச்சி அமைப்பு 3.5 சதவீதத்தை ஆராய்ச்சியிலேயே நேரடியாகப் போட வேண்டும். அதாவது அவர்கள் இன்னொருவருக்குக் கட்டிடம் வாங்கிக் கொடுக்க வரவில்லை. காசநோயும் எச்ஐவியும் ஒன்றாகத் தாக்கும் இடத்திலேயே தாங்கள் ஆராய்ச்சி நடத்த, க்வாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 2009இல் அறிவித்தது பத்து ஆண்டுக்கு 60 மில்லியன் டாலர். பத்து ஆண்டு என்பதைக் கவனியுங்கள். 2012இல் கட்டிடம் திறந்தது. கிருமி வெளியே கசியாதபடி எதிர்மறைக் காற்றழுத்தம் வைத்த மூன்றாம் நிலைப் பாதுகாப்பு லேப் ஒரு நாள்கூட நிறுத்த முடியாதது. வடிகட்டி, விசிறி, ஆட்டோகிளேவ், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் அந்தப் பத்தாண்டுக் கணக்கில்தான்.

பிறகு 2016இல் கே-ரித், பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் பணத்தில் சோம்கேலே என்ற கிராமப் பகுதியில் நடந்த ஆப்பிரிக்கா சென்டரோடு இணைந்து ஆப்பிரிக்க சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. கிராமத்தில் மக்கள் தொகையைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் களப்பணி ஒரு பக்கம், நகரத்தில் லேப் இன்னொரு பக்கம். அவ்வளவு பெரிய பணத்துக்கே தனியாக நிற்பதைவிடச் சேர்ந்து நிற்பது வசதியாக இருந்திருக்கிறது. நீங்களும் பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்றோடு பயன்பாட்டு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு போங்கள். "பள்ளி ஒன்றுக்கு வாரம் இத்தனை மணி, ஆண்டுக்கு இத்தனை ராண்ட்" என்று கையெழுத்திட்ட தாள் இருந்தால் அதுவே பத்து ஆடு.

மார்ச் 9, மாலை 4.15 | மானியக் கோப்பு பார்ப்பவர்

எஞ்சினியர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: சோதனை ஓட்டத்துக்குப் பணமும் நேரமும். நம் நாட்டில் சதர்லாண்டில் இருக்கும் சால்ட் என்ற பெரிய தொலைநோக்கியைப் பாருங்கள். 91 அறுகோணக் கண்ணாடி, 11 மீட்டர் ஆடி, 2005 நவம்பரில் திறப்பு விழா. அதன் பிறகு படத்தின் ஓரங்கள் மங்கின. காரணம் அந்தப் பெரிய ஆடியில் இல்லை. கோளப்பிறழ்ச்சியை (வளைந்த ஆடி ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காத குறை) திருத்தும் கண்ணாடித் தொகுதி தொலைநோக்கியோடு பொருந்தும் இயந்திர இணைப்பில் இருந்தது. கண்டுபிடித்து, பிரித்து, மறுபடி பொருத்தி முழு வேலைக்குத் திரும்ப 2011 ஆனது. (சால்ட் ஃபவுண்டேஷன் என்று பெயர் இருப்பதால் அதை மானியம் தரும் இடம் என்று நினைத்து எழுதாதீர்கள். பங்காளர்கள் சேர்ந்து வைத்த கம்பெனி அது.)

உங்கள் லேபில் அந்த அளவு சிக்கல் வராது. ஆனால் திறப்பு விழாவை வைத்தே கடைசி மானியத் தவணையை முடிக்கச் சொல்லாதீர்கள். திறந்த பிறகு ஆறு மாதம் காற்றோட்டச் சமன், கருவி அளவீடு, ஆள் பயிற்சி நடக்கும். அதற்குத் தனி வரி, தனித் தவணை.

மார்ச் 11, இரவு 10.00 | மானியக் கோப்பு பார்ப்பவர்

பணம் வரும் வேகமும் போகும் வேகமும் வேறு வேறு. இங்கே பெரும்பாலும் ஜேபிசிசி என்ற பொதுவான கட்டிட ஒப்பந்தப் படிவம்தான். முடிந்த வேலைக்கு இவ்வளவு தர வேண்டும் என்று மாதாமாதம் பணச் சான்றிதழ் வரும், 14 நாள் போன்ற குறுகிய கெடுவில் கட்ட வேண்டும். தவறினால் வட்டி, அதன்பின் வேலை நிறுத்தம். அறக்கட்டளையோ அறிக்கை பார்த்துக் காலாண்டுக்கு ஒரு முறைதான் அனுப்பும். மூன்று மாதச் சான்றிதழ் தொகை உங்கள் கையில் ரொக்கமாக இல்லாவிட்டால் நடுவில் மூச்சு நிற்கும். வங்கி ஓவர்டிராஃப்ட் என்றால் அதன் வட்டியை மானியத்தில் ஏற்றமாட்டார்கள்.

இரண்டாவது, அவசரப்பட்டு அஸ்திவாரம் தோண்டாதீர்கள். முடிவு வரும் முன் செய்த வேலைக்குப் பல அறக்கட்டளைகள் பணம் தருவதில்லை. கேட்காமல் தொடங்கினால் நீங்களே போட்டதாகிவிடும், நீங்கள் திரட்ட வேண்டிய பங்கின் கணக்கிலும் சேராது.

மூன்றாவது, நிலம். "டிரஸ்டுக்கு நிலம் இருக்கிறது" என்றீர்கள். பத்திரம் டிரஸ்ட் பெயரில்தானா, கோயில் பெயரிலா, நகராட்சிக் குத்தகையா? பத்து ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திர அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாத குத்தகை நிலத்தில் 38 மில்லியன் யாரும் போடமாட்டார்கள். அந்த நிலத்தின் மண்டல வகை கல்விக் கட்டிடத்தை அனுமதிக்கிறதா என்று எத்தெக்வினியில் (டர்பன் மாநகராட்சி) கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மார்ச் 12, காலை 7.40 | கேட்டவர்

நிலம் டிரஸ்ட் பெயரில்தான், நேற்றே பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அறங்காவலர் விஷயத்தில் தணிக்கைக்கார அண்ணன் சொன்னது அப்படியே பொருந்துகிறது. ஐந்து பேரில் நால்வர் ஒரே குடும்பம். மாற்ற எழுதிவிட்டோம். இன்னொரு கேள்வி: கட்டிடத்துக்கு அறக்கட்டளையின் பெயர் வைப்பதாகச் சொன்னால் சீக்கிரம் தருவார்களா?

மார்ச் 12, இரவு 9.15 | மானியக் கோப்பு பார்ப்பவர்

பெயரை அவர்களுக்குக் கொடுத்து வீணாக்காதீர்கள். நிறைய அறக்கட்டளைகளுக்கு அது வேண்டாம். சக் ஃபீனியின் அட்லாண்டிக் அறக்கட்டளை 8 பில்லியன் டாலர் கொடுத்துத் தீர்த்து 2020இல் மூடியது. வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக உயிரறிவியல் கட்டிடத்திலும் அவர்கள் பணம் உண்டு. எந்தக் கட்டிடத்திலும் தன் பெயர் வரக்கூடாது என்பது அவர் வைத்த விதி. உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, 2023இல்தான் இறந்தார்.

பெயரை உள்ளூருக்கு வையுங்கள். லேப் ஒன்றுக்கு ஒரு குடும்பம், மேசைக்கு ஒரு குடும்பம். பலகைக்கு 25 ஆண்டு என்று கால வரையறை எழுதுங்கள். அந்தப் பணத்தில் பாதி கட்டிடத்துக்கு, பாதி நிதி வைப்புக்கு என்று ரசீதிலேயே பிரித்துவிடுங்கள். கொடுத்த பிறகு பிரிக்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள்.

மார்ச் 17, மதியம் 2.30 | கேட்டவர்

கமிட்டி நேற்று நான்கு மணி நேரம் உட்கார்ந்தது. திட்டத்தைச் சுருக்கினோம். பிள்ளைகளுக்கு இரண்டு லேப், தண்ணீர் லேப் ஒன்று சிறிதாக. மண் சோதனை பிறகு. உங்கள் விகிதத்திலேயே போட்டேன்: கட்டிட வேலை 11.0; எதிர்பாராதது சேர்த்து 12.1, விலையேற்றம் சேர்த்து 13.19, கட்டணம் 1.85, கருவி 2.5, வாட் 2.63, மொத்தம் 20.17 மில்லியன். கட்டுமானக்காரர் முதலில் சொன்ன அதே தொகைக்கு முழுசாக முடியும் ஒரு கட்டிடம்.

ஆண்டுக்குப் பராமரிப்பு கட்டிடம் 264,000, கருவி 250,000. லேப் டெக்னீஷியன் ஒருவர் சம்பளம், மின்சாரம், காப்புறுதி, காவல் தனித்தனி வரி. நான்கு பள்ளிகளோடு பயன்பாட்டு ஒப்பந்தம் பேசுகிறோம். மிச்சம் தண்ணீர் சோதனைக் கட்டணத்தில் வரும் என்று வைத்தோம்.

மார்ச் 17, இரவு 8.45 | மானியக் கோப்பு பார்ப்பவர்

இப்போது இது விண்ணப்பம். கடைசி வரியை மட்டும் திருத்துங்கள். குடிநீரை எஸ்ஏஎன்எஸ் 241 என்ற தேசியக் குடிநீர்த் தரப்படி சோதித்துக் கட்டணம் வாங்குவதென்றால் வாடிக்கையாளர் முதலில் கேட்பது தேசிய அங்கீகார அமைப்பான சனாஸின் அங்கீகாரம், அதாவது சோதனைக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025. லேப் ஓடத் தொடங்கி, பதிவேடுகள் சேர்ந்து, தணிக்கை முடிந்த பிறகுதான் அது கிடைக்கும். ஆகையால் முதல் இரண்டு ஆண்டுக்குக் கட்டண வருமானத்தைப் பூச்சியம் என்று போட்டு, அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவீர்கள் என்று எழுதுங்கள். அறக்கட்டளையிடம் கட்டிடத்துக்கு 4 கேட்கப்போகிறீர்கள் என்றால், 3 கட்டிடத்துக்கு, 1 முதல் மூன்று ஆண்டு நடத்த என்று கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் குறையும் விகிதத்தில்: பாதி, பிறகு மூன்றில் ஒன்று, மிச்சம் கடைசி ஆண்டில். அங்கீகாரக் கட்டணத்தையும் ஆண்டுச் செலவில் ஒரு வரியாகச் சேருங்கள். ஜெனரேட்டர் டீசல் எங்கேயும் காணோம்.

மார்ச் 18, காலை 6.10 | ஏசி எஞ்சினியர், ஃபீனிக்ஸ்

டீசலோடு ஜெனரேட்டர் பேட்டரியும் எழுதுங்கள், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. தண்ணீர் லேபில் பாக்டீரியா வளர்க்கும் அறை தனியாக இருக்க வேண்டும், பிள்ளைகள் லேபின் ஏசிக் குழாயோடு சேரக்கூடாது. வரைபடம் தயாரானதும் இங்கே போடுங்கள், கதவு அளவைப் பார்த்துச் சொல்கிறேன்.